எல்லாருக்கும் சீட் இருக்கு, வாத்தியார் இருக்காரா? காலேஜ் தரம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாசமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கே என் போன் சூடாயிடும். பதினோரு வருஷம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல டிரிபிள்ஈ, அதாவது எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட்ல வேலை பாத்துட்டு வெளிய வந்தவன் நான், அதனால சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். தனித்தனியா பதில் சொல்லி தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

கண்டவனும் காலேஜ் போறான், அதனாலதான தரம் போச்சு?

இந்த "கண்டவனும்"ங்கிற வார்த்தைய மொதல்ல விடுங்க மாமா. கண்டவன்ல நானும் ஒருத்தன், எங்க வீட்ல மொத டிகிரி என்னோடதுதான்.

வாசல் பெருசானதால வீடு இடிஞ்சு போகாது. வாசல மட்டும் பெருசாக்கிட்டு உள்ள அடுப்புல வச்ச சோத்த அதே அளவுல வச்சிருந்தோம், அதான் பிரச்சனை. பசங்க எண்ணிக்கை ஏறுன வேகத்துக்கு வாத்தியார் எண்ணிக்கையும் லேபும் லைப்ரரியும் ஏறல, ஏறுனதா காட்டுறதுக்கு காகிதம் மட்டும் ஏறுச்சு. கீழ வர்ற எல்லா பதில்லயும் நான் இதையேதான் வேற வேற மாதிரி சொல்லப் போறேன், அவசரம்னா இதோட கிளம்பிடலாம்.

தமிழ்நாட்டுல உண்மையிலேயே எத்தனை பேர் காலேஜ் போறாங்க?

18ல இருந்து 23 வயசுக்குள்ள இருக்குற நூறு பேருக்கு எத்தனை பேர் உயர்கல்வில சேர்ந்திருக்காங்கங்கறதத்தான் மொத்த சேர்க்கை விகிதம்னு சொல்றாங்க. மத்திய அரசோட உயர்கல்வி கணக்கெடுப்பு 2021-22 படி தமிழ்நாட்டுக்கு 47, இந்தியா மொத்தத்துக்கு 28.4. ஆம்பளப் பசங்களும் பொண்ணுங்களும் கிட்டத்தட்ட சமம், சொல்லப்போனா பொண்ணுங்க ஒரு நூல் முன்னாடி. 2020 தேசிய கல்விக் கொள்கை 2035க்குள்ள 50 ஆக்கணும்னு இலக்கு வச்சிருக்கு, நாம இப்பவே அந்த வாசப்படியில நிக்கிறோம்.

இங்க ஒரு குழப்பம் வரும். 2019-20 அறிக்கையில தமிழ்நாட்டுக்கு 51.4னு போட்டிருப்பாங்க, அடுத்த வருஷம் பாத்தா 46.9. ஒரே வருஷத்துல பசங்க காலேஜ விட்டு ஓடிட்டாங்களான்னு வாட்ஸ்அப்ல சண்டையே நடந்துச்சு. ஒண்ணுமில்ல, அதுவரைக்கும் 2001 சென்சஸ வச்சு மக்கள்தொகைய கணிச்சவங்க 2011 சென்சஸுக்கு மாறுனாங்க, கீழ வகுக்குற எண் மாறுனதும் விகிதமும் எறங்கிடுச்சு, அவ்வளவுதான்.

மார்ட்டின் ட்ரோன்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1970கள்லயே ஒரு கணக்கு சொன்னார். நூத்துக்கு 15 பேர் வரைக்கும் படிச்சா அது மேட்டுக்குடி படிப்பு, 15ல இருந்து 50 வரைக்கும் வெகுஜனப் படிப்பு, அம்பது தாண்டிட்டா அது எல்லாருக்குமான படிப்பு, ஒவ்வொரு கட்டத்துலயும் பாடம் நடத்துற விதம், பரீட்சை, நிர்வாகம் எல்லாமே மாறியாகணும்னு. நாம ரெண்டாவது கட்டத்தோட கடைசியில இருக்கோம், ஆனா பாடம் நடத்துறது இன்னும் மொத கட்டத்துலயே இருக்கு, வாத்தியார் டிக்டேட் பண்ணுவார் பசங்க எழுதிக்குவாங்க.

இவ்ளோ இன்ஜினியரிங் காலேஜ் எப்படி வந்துச்சு?

1984க்கு முன்னாடி கைவிரல், கால்விரலுக்குள்ள எண்ணிடலாம். கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, கோயம்புத்தூர்ல ஜிசிடி, பிஎஸ்ஜி, சிஐடி, மதுரை தியாகராஜர், காரைக்குடி அழகப்பா, சேலம், திருநெல்வேலி, திருச்சி ஆர்இசி, இப்படி. எம்ஜிஆர் ஆட்சியில 1984ல சுயநிதி காலேஜுக்கு கதவு தெறந்தாங்க. அதுக்கு முன்னாடி கர்நாடகாவுக்கு டொனேஷன் மூட்டை கட்டிக்கிட்டு போன கூட்டம் இங்கயே சேர ஆரம்பிச்சுது. அப்புறம் தொண்ணூறுகள்ல சாஃப்ட்வேர் வேலை வந்துச்சு, ரோட்டோரமா நெலம் வச்சிருந்தவங்க எல்லாம் கரஸ்பாண்டன்ட் ஆனாங்க. 2001ல எல்லா இன்ஜினியரிங் காலேஜையும் கொண்டு போய் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கீழ கட்டுனாங்க. ஒரு கட்டத்துல எண்ணிக்கை 550ஐயும் தாண்டுச்சு, அப்புறம் சீட் நிரம்பாம மூட ஆரம்பிச்சு இப்ப சுமார் 430.

மூடுன காலேஜ் கட்டடத்துல சிலது இப்ப சிபிஎஸ்இ ஸ்கூல், சிலது கல்யாண மண்டபம்.

நுழைவுத்தேர்வ எடுத்ததாலதான் தரம் குறைஞ்சுச்சுன்னு சொல்றாங்களே?

1984ல கொண்டு வந்த நுழைவுத்தேர்வ 2006 சட்டம் போட்டு எடுத்தாங்க, 2007-08ல இருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்தான். கணக்கு நூத்துக்கு, பிசிக்ஸ் அம்பதுக்கு, கெமிஸ்ட்ரி அம்பதுக்கு, ஆக 200க்கு கட்ஆஃப். நுழைவுத்தேர்வு இருந்தப்ப கோச்சிங் சென்டர் இருக்குற ஊர்க்காரன் முன்னாடி நின்னான், கிராமத்துப் பசங்களுக்கு அந்த பரீட்சை எப்படி இருக்கும்னே தெரியாது, அதனால எடுத்தது சரிதான்னு நான் இன்னைக்கும் சொல்வேன்.

ஆனா பக்கவிளைவு ஒண்ணு இருந்துச்சு, அத மறைக்கவும் கூடாது. பிளஸ் டூ மார்க்தான் எல்லாம்னு ஆனதும் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை மாதிரின்னு ஊரே கிண்டல் பண்ணுன ஹாஸ்டல் ஸ்கூல்கள் பிளஸ் ஒன் பாடத்த அப்படியே தூக்கி மூலையில போட்டுட்டு பிளஸ் டூ புத்தகத்தையே ரெண்டு வருஷம் உருப்போட வச்சாங்க. கணக்குல 200க்கு 198 வாங்கிட்டு வந்த பையன் ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸ்ல ஃபெயில் ஆவான், ஏன்னா மேத்ஸுக்கு அடிப்படையே பிளஸ் ஒன்ல இருக்கு, அவன் அந்த புத்தகத்த தெறந்ததே இல்ல. என் கிளாஸ்ல இத வருஷா வருஷம் பாத்திருக்கேன். அதுக்காகத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க, 2025ல அதையும் எடுத்துட்டாங்க. பழைய கதை திரும்புமான்னு அந்த பசங்க காலேஜுக்கு வந்ததும் ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் ஸ்டாஃப கேட்டா சொல்லிடுவாங்க.

முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீதம், மாசம் ஆயிரம், இதெல்லாம் தரத்த கெடுக்குதா?

காசுக்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. முதல் பட்டதாரி சலுகை 2010-11ல வந்தது, குடும்பத்துல யாரும் டிகிரி முடிக்கலன்னு தாசில்தார் ஆபீஸ் சர்டிஃபிகேட் இருந்தா கவுன்சிலிங்ல சேர்ற பையனுக்கு டியூஷன் ஃபீஸ்ல ஒரு பங்க அரசு கட்டுது. அரசு ஸ்கூல் பசங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மெடிக்கலுக்கு 2020ல, இன்ஜினியரிங் மாதிரி மத்த தொழிற்படிப்புக்கு 2021ல. புதுமைப் பெண் 2022 செப்டம்பர்ல, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல, ரெண்டுலயும் மாசம் ஆயிரம் ரூபா. அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் போயிடும், ஆனா "எதுக்குடி காலேஜு"ன்னு கேட்ட வீட்ல அந்த ஆயிரத்துக்காகவே அனுப்புனத நான் கண்ணால பாத்திருக்கேன்.

இந்த வழியா வர்ற பசங்களுக்கு மார்க் கொஞ்சம் கம்மியா இருக்கலாம். மேனேஜ்மென்ட் கோட்டாவுல வர்றவனுக்கும்தான் கம்மியா இருக்கு, அவன யாரும் தரத்த கெடுத்தான்னு சொல்றதில்ல, அவங்க அப்பாவ ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுக்குறாங்க.

தமிழ் மீடியம் பையன் இன்ஜினியரிங்ல தாக்குப் பிடிப்பானா?

இதுக்கு ஒரு பையன் கதை சொல்றேன், பேர் வேணாம். விருத்தாசலம் பக்கத்துல இருந்து வந்தவன், அப்பா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருந்தார். சர்க்யூட் தியரில ரெண்டு தடவ அரியர். அசைன்மென்ட்ல ஓம் விதிய கமா புள்ளி மாறாம இங்கிலீஷ்ல எழுதிட்டு வருவான், இதுக்கு என்னடா அர்த்தம்னு கேட்டா தரையப் பாப்பான்.

ஒரு நாள் லேப்ல தனியா இருந்தப்ப அவனே கேட்டான், "சார், எங்க ஊர்ல சாயங்காலம் கரண்ட் டல்லா வரும், அப்ப மோட்டார் போட்டா காயில் கருகிடும், வோல்டேஜ் கம்மியா இருந்தா சூடும் கம்மியாத்தான சார் இருக்கணும்?" நான் அப்படியே நின்னுட்டேன். ஓம் விதிய மட்டும் வச்சுப் பாத்தா, வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையணும், அவன் கேக்குறதுதான் நியாயம். ஆனா மோட்டாருக்கு மேல ஏத்த வேண்டிய தண்ணியோட பாரம் அதேதான், வோல்டேஜ் எறங்குனா அந்த பாரத்த இழுக்க மோட்டார் கூடுதலா கரண்ட் எடுக்கும், கூடுதல் கரண்ட்தான் காயில சூடாக்குது. இத தமிழ்ல, மோட்டார் கொட்டாய வச்சே ஒரு மணி நேரம் பேசுனோம். இன்டக்‌ஷன் மோட்டார்ல பாதி பாடம் அதுலயே முடிஞ்சுது. அந்த செமஸ்டர் லேப் பரீட்சையில ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் குடுத்தப்ப, இங்கிலீஷ் மீடியம் பசங்க டயகிராம திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, இவன் வயர முறுக்கி முடிச்சு கைய கட்டிக்கிட்டு நின்னான்.

அவன் கெட்டிக்காரனா, மக்குப் பையனா? பல்கலைக்கழகக் கணக்குல ரெண்டு அரியர். அண்ணா பல்கலைக்கழகம் 2010லயே சிவில், மெக்கானிக்கல ரெண்டையும் தமிழ் வழில ஆரம்பிச்சுது, ஆனா வேலை கிடைக்காதுங்கற பயத்துல பசங்க சேர யோசிக்கிறாங்க, அந்த பயம் முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி, மொத வருஷம் வாத்தியார் தமிழ்ல புரிய வைக்கணும், மெதுவா இங்கிலீஷ்ல எழுத பழக்கணும். இதுக்கு செலவு ஒண்ணும் கெடையாது, வாத்தியாருக்கு நேரம் இருக்கணும். நேரம் ஏன் இல்லங்கறது கீழ வருது.

நாக் ஏ பிளஸ் பிளஸ்னு போர்டு வச்சிருக்காங்களே, நம்பலாமா?

நாக்ங்கிறது 1994ல ஆரம்பிச்ச, பெங்களூர்ல இருக்குற தரமதிப்பீட்டு அமைப்பு. ஏழு தலைப்புல பாத்து 4க்கு மார்க் போடுவாங்க, 3.51க்கு மேல வாங்குனா ஏ பிளஸ் பிளஸ், பொதுவா அஞ்சு வருஷத்துக்கு செல்லும். அது மொத்த காலேஜுக்கும் குடுக்குறது. என்பிஏங்கிறது வேற, அது ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனி, இன்ஜினியரிங் சேர்றவங்க அதப் பாக்குறதுதான் உபயோகம். இன்ஜினியரிங் டிகிரிய நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்குற வாஷிங்டன் ஒப்பந்தத்துல 2014ல இந்தியா முழு உறுப்பினர் ஆனதால, என்பிஏல டயர்-1ங்கிற பிரிவுல அங்கீகாரம் வாங்குன கோர்ஸ் வெளிநாடு போறவங்களுக்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

நம்பலாமான்னு கேட்டா, நான் உள்ள இருந்து பாத்த ஒரு இன்ஸ்பெக்‌ஷன சொல்றேன், எந்த அமைப்போடதுன்னு சொல்லல, காலேஜ் பேரும் வேணாம். முந்தின நாள் ராத்திரி ஒரு டாடா ஏஸ்ல புக்கு வந்து எறங்குச்சு, பக்கத்து மாவட்டத்துல இருக்குற அவங்களோட இன்னொரு காலேஜ் சீல் அடிச்சிருந்துச்சு, நாங்க நாலு ஸ்டாஃப் உக்காந்து அது மேல ஸ்டிக்கர் ஒட்டுனோம். லேப்ல மீட்டர் பத்தலன்னு அங்க இருந்தே மீட்டரும் வந்துச்சு. காலையில பாத்தா கோட்டு போட்ட ஒரு பெரியவர் எங்க எச்ஓடி ரூம்ல உக்காந்திருக்கார், ஆறு வருஷமா அங்க வேலை பாக்குறதா ஃபைல் சொல்லுது. என்னைக் கூப்பிட்டு மெதுவா கேட்டார், "தம்பி, டாய்லெட் எந்தப் பக்கம்?"

கூட்டிட்டுப் போய் காட்டுனேன். வேற என்ன பண்ண, என் ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் அவங்க பீரோவுல இருந்துச்சு.

எல்லா காலேஜும் இப்படின்னு சொல்லல, நேர்மையா மார்க் வாங்குன காலேஜும் நிறைய இருக்கு. ஆனா 2025 பிப்ரவரியில நாக் ஆய்வுக்குழு ஆட்களையே லஞ்ச வழக்குல சிபிஐ கைது பண்ணுச்சு, அதனால போர்டப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

என்ஐஆர்எஃப் ரேங்க்?

மத்திய அரசு வருஷா வருஷம் வெளியிடுற காலேஜ் தரவரிசை அது, 2016ல இருந்து வருது. மேல இருக்குற இடங்களுக்கு ஓரளவு அர்த்தம் இருக்கு, 2019ல இருந்து ஒட்டுமொத்தப் பட்டியல்ல மெட்ராஸ் ஐஐடி மொத இடத்த விடல. ஆனா பாதிக்கு மேல விவரம் காலேஜே குடுக்குறது, ஆராய்ச்சிக்கு பெரிய மார்க், அதனால சில இடத்துல கிளாஸ் எடுக்குற நேரத்துல பேப்பர் போடச்சொல்லி ஸ்டாஃப விரட்டுறாங்க. பி.இ. படிக்கப் போற பையனுக்கு அந்த பேப்பரால அஞ்சு பைசா பிரயோஜனம் இல்ல.

ஒரே பேராசிரியர் பல காலேஜ்ல வேலை பாத்தாராமே?

2024 ஜூலைல அறப்போர் இயக்கம்ங்கிற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளிய கொண்டு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கீழ இருக்குற காலேஜ்கள் அஃபிலியேஷனுக்காக, அதாவது பல்கலைக்கழக இணைப்புக்காக குடுத்த ஸ்டாஃப் பட்டியல்ல ஒரே ஆள் பேரு ஒரே நேரத்துல பல காலேஜ்ல இருந்துச்சு. பல்கலைக்கழகமும் விசாரிச்சு முறைகேடு நடந்திருக்குன்னு ஒத்துக்கிச்சு. ஊரே ஆச்சரியப்பட்டுச்சு, எங்கள மாதிரி உள்ள இருந்தவங்க மட்டும் இப்பத்தான் தெரியுமாக்கும்னு நெனச்சுக்கிட்டோம்.

ஏன் இப்படி பண்றாங்கன்னா கணக்கு சுலபம். இன்ஜினியரிங் மாதிரி தொழில்நுட்பப் படிப்புக்கு விதி போடுற மத்திய அமைப்பு ஏஐசிடிஇ, அதோட விதிப்படி 20 பசங்களுக்கு ஒரு வாத்தியார். ஒரு பிரிவுல 60 சீட், நாலு வருஷம், ஆக 240 பேர், 12 வாத்தியார் வேணும். 2018க்கு முன்னாடி 15க்கு ஒண்ணுன்னு இருந்துச்சு, அப்ப 16 வேணும், விதிய தளர்த்துன அன்னைக்கு எத்தனை பேர் வீட்டுக்குப் போனாங்கன்னு கேக்காதீங்க. பன்னெண்டுக்கு ஆறு பேர வச்சுக்கிட்டு மீதி ஆற காகிதத்துல வச்சா வருஷத்துக்கு எவ்ளோ மிச்சம்னு நீங்களே போட்டுப் பாருங்க. அந்த ஆறு பேர்தான் பன்னெண்டு பேர் கிளாஸையும் எடுத்து, அட்மிஷனுக்கு ஊர் ஊரா போய் நோட்டீஸும் குடுக்கணும். நேரம் இல்லன்னு மேல சொன்னது இதத்தான்.

இதுல 2024-25ல இருந்து நல்லா நடக்குற காலேஜுக்கு சீட் எண்ணிக்கையில உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துடுச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் ஏகப்பட்ட செக்‌ஷன் போடுறாங்க. அத்தனை செக்‌ஷனுக்கு ஆள் எங்க இருந்து வருவாங்க? போன வருஷம் பாஸான பொண்ணே இந்த வருஷம் மேடமா வந்து நிக்கும்.

அரசு ஆர்ட்ஸ் காலேஜ் பரவாயில்லையா?

ஃபீஸ் கம்மி, அதுக்காகவே போகலாம். பத்து, பதினஞ்சு வருஷத்துல நிறைய புது அரசு காலேஜ் தெறந்திருக்காங்க, நல்ல விஷயம், பஸ் ஏறி மாவட்டத் தலைநகர் போக வேண்டியிருந்த பொண்ணு இப்ப பக்கத்து ஊர்லயே பி.எஸ்சி. படிக்குது. ஆனா தெறக்குறப்ப பல காலேஜ் ஏதாவது ஒரு ஹைஸ்கூல் கட்டடத்துல நாலு ரூம்ல ஆரம்பிக்கும், நிரந்தர வாத்தியார் ஒண்ணு ரெண்டு பேர், மீதி எல்லாம் கௌரவ விரிவுரையாளர்.

பேர்ல மட்டும்தான் கௌரவம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2019ல ஒரு வகுப்புக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லுச்சு, இங்க 2024 கணக்குக்கு மாசம் 25,000, அதுவும் வருஷத்துக்கு 11 மாசம். பிஎச்டி, நெட் தகுதித்தேர்வு முடிச்சு, பதினஞ்சு வருஷம் பாடம் எடுத்தவருக்கு மே மாசம் சம்பளம் கெடையாது. 2024 மார்ச்ல 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு, பரீட்சை தள்ளித் தள்ளிப் போச்சு. பையன் டிகிரி முடிக்கிற வரைக்கும் அவன் டிபார்ட்மென்ட்ல ஒரு நிரந்தர ஆள் வரலன்னா அந்த டிகிரிக்கு என்ன தரம் எதிர்பாக்குறது?

அட்டானமஸ், டீம்டு ரெண்டும் ஒண்ணா?

இல்ல. அட்டானமஸ்னா பாடத்திட்டம், பரீட்சை காலேஜோடது, டிகிரி பல்கலைக்கழகத்தோடது. டீம்டுன்னா டிகிரியே அவங்களோடது, அரசு நடத்துற இன்ஜினியரிங் கவுன்சிலிங் வழியா சேர முடியாது. அட்டானமஸ்ல பாஸ் சதவீதம் அதிகமா இருக்குன்னு காட்டுவாங்க, கேள்வித்தாள் எடுக்குறதும் திருத்துறதும் அவங்களேன்னா ஏன் அதிகமா இருக்காது. நல்ல அட்டானமஸ் காலேஜ் அந்த சுதந்திரத்த வச்சு பாடத்த புதுசாக்குது, மோசமானது இன்டர்னல் மார்க்க வாரி விடுது.

துணைவேந்தர் யார் போடறதுன்னு கவர்னரும் அரசும் சண்டை போட்டா என் பையனுக்கு என்ன?

நிறைய இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகம், 1857ல ஆரம்பிச்சது, 2023 ஆகஸ்ட்ல இருந்து துணைவேந்தர் இல்லாம ஒரு கமிட்டிய வச்சு ஓடுச்சு. பட்டச் சான்றிதழ்ல கையெழுத்து போட துணைவேந்தர் இல்ல, படிச்சு முடிச்ச பசங்க பட்டமளிப்புக்கு காத்துக்கிட்டு கெடந்தாங்க. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கவர்னர் நிறுத்தி வச்ச பத்து மசோதாவும், துணைவேந்தர் நியமன அதிகாரத்த அரசுக்கு மாத்துற மசோதாக்களும் அதுல இருந்துச்சு, ஒப்புதல் பெற்றதாவே கருதப்படும்னு தீர்ப்பு சொல்லுச்சு, மே மாசமே சென்னை ஹைகோர்ட் துணைவேந்தர் நியமன அதிகாரம் சம்பந்தப்பட்ட திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு, நவம்பர்ல ஜனாதிபதி கேட்ட கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டோட அரசியல் சாசன அமர்வு, அப்படி கருதப்படும்ங்கறதே கூடாதுன்னு கருத்து சொல்லுச்சு. 1976 வரைக்கும் கல்வி மாநிலப் பட்டியல்ல இருந்துச்சு, 42ஆவது திருத்தத்துல மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போச்சு, அங்க ஆரம்பிச்ச இழுபறி இது. எனக்கு கவர்னர் பக்கம் துளியும் அனுதாபம் இல்ல, அதே நேரத்துல ரெண்டு திராவிடக் கட்சி ஆட்சியிலயும் துணைவேந்தர் பதவிக்கு எப்படி பேரம் நடந்துச்சுன்னு பல்கலைக்கழகக் கேன்டீன்ல ஒரு வாரம் டீ குடிச்சா காதுல விழும்.

சரி, கடைசியா என்னதான் பாத்து சேர்க்கறது?

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டரும் காலேஜ் வாரியா தேர்ச்சி சதவீதம் வெளியிடுது, அதுல மூணு நாலு செமஸ்டர் வரிசையா பாருங்க, ஒண்ண மட்டும் பாக்காதீங்க. பிளேஸ்மென்ட் ஃப்ளெக்ஸ்ல இருக்குற முகத்த எண்ணாதீங்க, ஒரே பையன் நாலு கம்பெனி ஆஃபரோட நாலு தடவ சிரிச்சுக்கிட்டு இருப்பான்.

அட்மிஷன் நாள்ல போகாதீங்க, அன்னைக்கு பூச்செடி கூட வாடகைக்கு வந்திருக்கும். சாதாரண ஒரு புதன்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு போங்க. லைப்ரரில யாராவது உக்காந்திருக்காங்களான்னு பாருங்க. லேப்ல மெஷின் மேல தூசி இருக்கா, கை பட்ட அழுக்கு இருக்கா பாருங்க, அழுக்கு இருந்தா நல்ல லேப். பையன் சேரப் போற டிபார்ட்மென்ட்ல போன வருஷம் இருந்த ஸ்டாஃப்ல எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்காங்கன்னு மூணாவது வருஷப் பசங்ககிட்ட கேளுங்க, வெப்சைட்ட நம்பாதீங்க.

முடிஞ்சா கேட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்குற டீக்கடையில ஒரு டீ சொல்லிட்டு ஸ்டாஃப் எல்லாம் காசு குடுத்து குடிக்கிறாங்களா, கணக்கு வைக்கிறாங்களான்னு பேச்சுவாக்குல கேளுங்க. எங்க காலேஜ்ல மூணு மாசம் சம்பளம் வராதப்ப எங்க பதினாலு பேர் கணக்கும் அந்த அண்ணன்கிட்ட ஒரு நீள நோட்டுல இருந்துச்சு. எந்த இன்ஸ்பெக்‌ஷன் டீமும் அந்த நோட்ட கேட்டதில்ல.